ஆறாம் எண்ணின் மோதிரவிரல்

பஞ்சு மில் ஊரான எங்கள் பார்ன்ஷாவில் உள்ள பாஞ்சோ சங்கத்தின் போட்டிக்கு நடுவராக வருகிறவர்கள் ஒரு வழக்கத்தைக் கண்டு சிரிப்பார்கள். வாசிப்பெல்லாம் முடிந்ததும் நடுவர் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, குறிப்புகளைப் படிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால், வாசித்த ஒவ்வொருவரிடமும் போய் வலது கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும். வேறு எந்த ஊர்ச் சங்கத்திலும் இது இல்லை. "இது என்ன, கல்யாண வரவேற்பா?" என்று பிளாக்பர்னிலிருந்து வந்த ஒருவர் கேட்டார். அவருக்குப் பதில் சொல்வதென்றால் ஆம்புரோஸ் கெர்ஷாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்; அது நாலு வார்த்தையில் முடிகிற பேச்சு அல்ல.

கெர்ஷா பாஞ்சோ வாசித்தே பிழைத்தவர். லண்டன் மண்டபங்களில் வாசித்திருக்கிறார். கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் இல்லாமல் மேடை ஏறமாட்டார். உட்கார்ந்துதான் வாசிப்பார். வெறும் விரல்களால், அதன் ஐந்து ஆட்டுக்குடல் நரம்புகளை, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கும்படி மீட்டுவார். கடற்கரை ஊர்களில் கறுப்பின மக்களைப்போல் வேஷம் கட்டி, முகத்தில் கரி பூசிக்கொண்டு பாஞ்சோவை வைத்துக் கோமாளித்தனம் செய்கிற கூட்டங்களை அவர் வெறுத்தார். "இந்த வாத்தியத்தை உண்டாக்கினவங்க அமெரிக்காவுல அடிமையாக் கிடந்த மக்கள். அவங்க கண்ணீரை எடுத்து அவங்களையே கேலி பண்றதுக்கு வச்சிருக்கோம். ஆண்டவர் கேப்பாரு" என்று எங்கள் ஞாயிறு பள்ளிக் கூடத்தில் ஒருமுறை சொன்னார். வயலினுக்கும் பியானோவுக்கும் கிடைக்கிற மரியாதை பாஞ்சோவுக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அவர் வாழ்ந்தார். கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை.

1909-ஆம் ஆண்டு அந்த மரியாதை கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது. எங்கள் ஊர் பாட்டு மன்றத்தின் டிசம்பர் கச்சேரியில், நூறு பேர் பாடுகிற மேடையில், இரண்டு பாஞ்சோக்களுக்கு ஓர் உருப்படி கொடுக்க மன்றத் தலைவர் பில்லிங் சம்மதித்தார். முழு மனதோடு அல்ல. "ஒரு தடவை பாப்போம். கோமாளித்தனம் ஏதாவது நடந்துச்சு, அதோட சரி" என்றார்.

ஆனால் கெர்ஷாவோடு பத்து வருஷமாக இரண்டாம் பாஞ்சோ வாசித்த கூட்டாளி அந்தக் கோடையில்தான் பிளாக்பூல் கடற்கரைக்குப் போய், கரி பூசுகிற கூட்டத்தில் சேர்ந்துவிட்டிருந்தான். அதனால் இரண்டாம் நாற்காலிக்கு எங்கள் சங்கத்திலிருந்தே ஒருவரைப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுப்பதாகக் கெர்ஷா சொன்னார். யாருக்கும் சலுகை காட்டினதாகப் பேச்சு வரக்கூடாது என்று, பித்தளை ஊதல் வாத்தியக் குழுக்கள் தங்கள் போட்டிகளில் செய்வதுபோல் நடுவரான அவரைத் திரைக்குப் பின்னால் உட்காரவைப்பது என்று முடிவானது. வாசிக்கிறவருக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

நவம்பர் மாதச் சனிக்கிழமை. மில் மதியம் விட்டது. விடாத மழை. மெதடிஸ்ட் ஆலயத்துக் கூடத்தில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வைத்திருந்த பச்சைத் திரையைக் கட்டி, அதற்குப் பின்னால் கெர்ஷாவுக்கு ஒரு மேஜையும் டீயும் மணியும் வைத்தோம். ஈரத்தில் பாஞ்சோக்களின் வட்ட முகத்தில் இழுத்துக் கட்டின தோலெல்லாம் தொய்ந்துபோயிருந்தது. எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்று தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"ஏ கிளெமென்ட், தோலைக் காய வைக்கிறியா, ரொட்டி சுடுறியா? இன்னும் கொஞ்சம் காட்டினா வெடிச்சுடும்டா" என்றாள் டீ ஊற்றிக்கொண்டிருந்த மார்த்தா ஆஸ்பினால்.

கிளெமென்ட் ரிக் வங்கிக் குமாஸ்தா. மெல்லிய விரல்கள், நல்ல பையன். "வெடிச்சா உங்க பாவாடையில ஒரு துண்டு வெட்டிக் கட்டிக்கிறேன் மார்த்தாக்கா."

"அதுல சங்கீதம் வராது. சலவைச் சத்தம்தான் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹானா டக்வொர்த் மட்டும் ஜன்னலோரம் கையுறையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஹானா மில்லில் பஞ்சு சிக்கெடுக்கும் பகுதியில் வேலை செய்தாள். அதற்கு இரண்டு குளிர்காலங்களுக்கு முன்னால் அங்கே ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் அவள் வலது கை மோதிரவிரலை அடியோடு எடுத்துக்கொண்டது. அதுவரை எங்கள் சங்கத்தில் அவளைப்போல் வாசித்தவர் இல்லை. காயம் ஆறின பிறகு அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மீட்டுவதற்குக் கட்டைவிரலும் இரண்டு விரலும்தான் மிச்சம்; சுண்டுவிரல் தோலில் ஊன்றிக்கொள்ளத்தான். எந்த விரல் எந்த நரம்புக்கு என்று எல்லாவற்றையும் புதிதாக மாற்றிக்கொண்டாள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரரான கெர்ஷாவுக்குத் தெரியாது.

"பயமா இருக்காடி?" என்று மார்த்தா டீயை நீட்டினாள்.

"பயமில்லக்கா. கை சில்லுனு இருக்கு. ஜெயிக்கலன்னா வீட்டுப்பக்கம் வராதேன்னு ஜேபஸ் சொல்லி அனுப்பிச்சாரு."

"சிரிச்சுக்கிட்டுத்தானே சொன்னான்?"

"இருமிக்கிட்டே சொன்னாரு."

ஜேபஸ் அவள் கணவன். பஞ்சுத் தூசி அவன் நெஞ்சுக்குள் போய் வெகுநாளாகியிருந்தது.

கிளெமென்ட் மூன்றாவதாக வாசித்தான். மணி கோத்தது போலிருந்தது. ஹானா ஆறாவது. அவள் எடுத்தது ஒரு பழைய, மெதுவான நடனப் பாட்டு. நாலு சுரங்கள் கீழிருந்து மேலே உருண்டு வருகிற இடம் அதில் திரும்பத் திரும்ப வரும். அந்த இடத்திலெல்லாம் முதல் இரண்டு சுரமும் ஒட்டிக்கொண்டு விழுந்தன; பிறகு ஒரு சிறு தடுக்கல்; பிறகு மற்ற இரண்டும். காலில் அடிபட்டவர் படியேறுவதைப்போல. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏறிவிட்டாள். எங்கள் போதகரின் மனைவி கைக்குட்டையை எடுத்தார். கடைசி சுரம் அடங்கினபோது மழை மட்டும் கேட்டது.

எட்டுப் பேர் வாசித்து முடித்ததும் கெர்ஷா வெளியே வந்து, எங்கள் வழக்கப்படி குறிப்புகளை எல்லோர் முன்னாலும் படித்தார். மூன்றாம் எண்ணுக்கு இரண்டாம் நாற்காலி என்றார். கைதட்டினோம். நாலுக்கும் ஐந்துக்கும் தட்டிக்கொடுக்கிற மாதிரி ஏதோ சொன்னார். பிறகு அவர் முகம் மாறியது.

"ஆறாம் எண். நல்ல காது, நல்ல மனசு. ஆனா சோம்பேறி. மோதிரவிரல் முழுக்கத் தூங்குது. நாலு சுரம் வர்ற இடத்துலெல்லாம் மூணு விரல் செய்யவேண்டிய வேலையை ரெண்டு விரல்கிட்டத் தள்ளி விட்டிருக்கு. முடியாதவங்க மேல எனக்குக் கோபமில்ல. ஆண்டவர் குடுத்ததை வச்சுக்கிட்டு உபயோகிக்காதவங்க மேலதான் கோபம். இப்படிப்பட்டவங்களாலதான் பெரிய மனுஷங்க நம்ம வாத்தியத்தைப் பாத்துச் சிரிக்கிறாங்க."

மோதிரவிரலை ஏமாற்றுவது பாஞ்சோக்காரர்கள் எல்லோரிடமும் உள்ள கெட்ட பழக்கம். எங்கு போனாலும் அவர் அதைத்தான் கண்டிப்பார். ஏமாற்றுகிற விரலும் இல்லாத விரலும் காதுக்கு ஒன்றாகத்தான் கேட்கும்.

யாரும் அசையவில்லை. தன் சொல் உறைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவர் ஏழாம் எண்ணுக்குப் போனார். ஹானா கையுறையை மாட்டிக்கொண்டாள். அந்த ஒரு விரல் மட்டும் தட்டையாக மடிந்து தொங்கியது. பாஞ்சோவைத் துணிப்பைக்குள் வைத்துக் கட்டி, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு மழையில் போய்விட்டாள். தெருக் கல்லில் அவள் மரச்செருப்பின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

கெர்ஷா படித்து முடித்ததும் மார்த்தா டீப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"ஐயா, அந்த விரல் தூங்கலீங்க. அது செத்து ரெண்டு வருஷமாச்சு. மில்லுல போச்சு."

அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். கையில் இருந்த தாளை மடித்தார், மறுபடி பிரித்தார், மறுபடி மடித்தார். "ஏன் யாரும் என்னை நிறுத்தல?" என்று கேட்டார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் சங்கப் பெட்டிக்குப் பொறுப்பான என்னை அழைத்துக்கொண்டு ஹானா வீட்டுக்குப் போனார். மில்லை ஒட்டி, வரிசையாகப் புகை படிந்து நிற்கிற வீடுகளில் ஒன்று. ஜேபஸ்தான் கதவைத் திறந்தான். தோளில் போர்வை.

"யாரு? விரல் தூங்குதுன்னு சொன்னவரா? வாங்க ஐயா, உள்ள வாங்க. இங்க நாங்க எல்லாரும் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்." சொல்லிவிட்டு வெகுநேரம் இருமினான்.

உள்ளே ஹானா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சுவரில் பாஞ்சோ தொங்கியது. நரம்பு ஒன்றுகூட இல்லை. தோலைத் தளர்த்திவிட்டிருந்தாள். கழற்றின நரம்புகள் அலமாரியில் சுருட்டிக் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்து ஜேபஸ் கரி வாளியின் அறுந்த பிடியைக் கட்டியிருந்தான்.

கெர்ஷா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அம்மா, நான் தெரியாம…"

"எனக்குக் கோபமில்லைங்க" என்றாள் ஹானா. "திரைக்குப் பின்னாடி இருக்கிறவர் காதுல விழறதைத்தானே சொல்ல முடியும்? தடுக்குதுன்னீங்க. தடுக்கத்தான் செய்யுது."

"சோம்பேறின்னும் சொன்னேன்."

அவள் மாவைப் புரட்டிப் போட்டாள். "ஆமா. அதையும் சொன்னீங்க."

இரண்டாம் நாற்காலியை அவளுக்கே தருவதாக அவர் சொன்னார். அதை அவர் சொல்லி முடிக்கும் முன்பே அவள் தலையை ஆட்டினாள். "அந்தப் பையன் நியாயமா ஜெயிச்சான். என் கையைக் காட்டி அவன் நாற்காலியைப் பறிக்கணுமா? அப்புறம் அதுல உக்காந்து எப்படி வாசிப்பேன்?"

"அப்போ நான் என்ன செய்யணும்? சொல்லுங்க, செய்யறேன்."

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாங்க. நேத்தே முழங்கால்ல நின்னு உங்களை மன்னிச்சிட்டேன். ஆனா மன்னிச்சதால நரம்பு தானாப் போய் மாட்டிக்காதுங்களே. சபையில எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இங்க வந்து அடுப்படியில வேற மாதிரி சொல்றீங்க. எனக்கு ரெண்டும் கேக்குது. என்ன செய்ய?"

ஜேபஸ் அவருக்கு ஒரு துண்டு இஞ்சி கேக் கொடுத்தான். அவர் அதைச் சாப்பிட முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்தார். கால்வாய்ப் பாலம் வரைக்கும் நடந்தோம். அங்கே நின்று தன் வலது கையை விரித்துப் பார்த்தார். பிறகு மோதிரவிரலை மட்டும் உள்ளங்கைக்குள் மடித்தார்.

கச்சேரியும் ஒரு சனிக்கிழமை மதியம்தான். தொழிலாளர் கல்விக் கழக மண்டபம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் மில் முதலாளிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும். மேல் மாடத்தில் நாங்கள். மார்த்தா ஹானாவை விடாப்பிடியாக இழுத்து வந்திருந்தாள். "எங்க கிளெமென்ட் வாசிக்கிறதைக் கேக்க வராம, வீட்டுல உக்காந்து எந்த ரொட்டிக்கு அழப்போறே?" என்றாளாம்.

இரண்டு நாற்காலி. இரண்டு கறுப்புக் கோட்டு. பார்த்ததும் கீழே ஒரு சிறு சலசலப்பு, ஒரு கனைப்பு. வாசிக்க ஆரம்பித்ததும் அது நின்றது. அன்று கெர்ஷா வாசித்ததைப்போல் நான் பிறகு யாரிடமும் கேட்டதில்லை. கிளெமென்டும் ஒரு சுரம் பிசகவில்லை. முடிந்ததும் கீழே கையுறை போட்ட கைகள் தட்டின. ஒரு முதலாளியம்மா முன்னால் சாய்ந்து, "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்றார். பில்லிங்கே எழுந்து நின்று தட்டினார். எங்கள் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. இருபது வருஷமாக அந்த மனுஷன் கேட்ட மரியாதை அந்த மண்டபத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

கெர்ஷா எழுந்து கையை உயர்த்தினார்.

"உங்களுக்கு என் நன்றி. போன மாதம் இந்த ஊரில் ஒரு போட்டிக்கு நடுவராக வந்தேன். ஆறாம் எண்ணைப் பற்றிச் சபையில் ஒரு வார்த்தை சொன்னேன். அது தவறு. எப்படித் தவறு என்று காட்டக் கடமைப்பட்டிருக்கிறேன்."

பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். மோதிரவிரலை மடித்து உள்ளங்கையோடு சேர்த்துச் சுற்றி, கையைக் கிளெமென்டிடம் நீட்டினார்.

"முடிச்சுப் போடு."

"ஐயா, வேணாங்க ஐயா. இங்க வேணாம்" என்று கிளெமென்ட் கெஞ்சினான்.

"போடுப்பா."

கீழே முதல் சிரிப்பு அப்போதே கேட்டது. பாஞ்சோக்காரன் கையைக் கட்டிக்கொண்டு வித்தை காட்டப்போகிறான் என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர், "அடுத்தது பல்லால வாசிப்பான் பாருங்க!" என்றார்.

அவர் அந்தப் பழைய நடனப் பாட்டை எடுத்தார். ஒரு மாதமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. ஆனால் ஹானா இரண்டு குளிர்காலத்தில் செய்ததை அவரால் ஒரு மாதத்தில் செய்ய முடியவில்லை. நாலு சுரம் வருகிற இடத்தில் கட்டைவிரல் ஒரு நரம்பிலிருந்து அடுத்ததற்குத் தாவியது, தடுக்கியது. மறுபடியும் தடுக்கியது. ஒவ்வொரு தடுக்கலுக்கும் கீழே சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு அல்ல, சந்தோஷமான சிரிப்பு. அதுதான் கேட்க முடியவில்லை. அவர்கள் தமாஷை ரசித்துக்கொண்டிருந்தார்கள். வாழ்நாளெல்லாம் கோமாளியாக மாட்டேன் என்றிருந்தவர், வியர்வை வழிய, தலையைக் குனிந்துகொண்டு, பாட்டின் கடைசி சுரம் வரைக்கும் வாசித்தார். ஓர் இடத்தையும் விடவில்லை.

நான் ஹானாவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. வலது கைக் கையுறையைக் கழற்றி மடியில் போட்டுவிட்டு, அந்தக் கையை மாடத்துக் கம்பியின் மேல், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, வைத்திருந்தாள்.

பக்கவாட்டு அறையில் கிளெமென்ட் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது பில்லிங் வந்தார். அவர் கத்தவில்லை. "எனக்குத் தெரியும் கெர்ஷா. கடைசியில இது இங்கதான் வந்து நிக்கும்னு. பாஞ்சோன்னா அவ்வளவுதான். நீங்களாவது வேற மாதிரின்னு நெனச்சேன்" என்றார். கெர்ஷா "மன்னிக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

மாலை வண்டிக்கு நான் அவருடைய பாஞ்சோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அதற்குள் இருட்டிவிட்டது. மழை சன்னமாகப் பெய்தது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு இறுகின இடத்தில் சிவந்திருந்தது.

"தப்பு பண்ணிட்டேனாப்பா?" என்று கேட்டார்.

"பாஞ்சோவுக்கா, ஹானாவுக்கா ஐயா?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்."

அப்போது படியில் மரச்செருப்புச் சத்தம் கேட்டது. மார்த்தா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள், பின்னால் ஹானா. சால்வை நனைந்திருந்தது. ஹானா நேராக அவர் முன்னால் வந்து நின்றாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"கட்டைவிரலைத் தூக்கித் தூக்கி வச்சீங்க" என்றாள். "தூக்கக் கூடாதுங்க. கீழ்நரம்புல அழுத்தி, அப்படியே அடுத்ததுக்கு வழுக்கி விடணும். ஒரே இழுப்பு. அப்போ முதல் ரெண்டும் ஒட்டிக்கும், ஆனா விழாது."

கெர்ஷா அண்ணாந்து அவளைப் பார்த்தார். பிறகு பெட்டியை மடியில் வைத்து, அதன் மூடிமேல் கட்டைவிரலை இழுத்தார். "இப்படியா?"

"இன்னும் மெதுவா. வெண்ணெய் தடவற மாதிரி."

"இப்படி?"

"ஆங். இப்போ மத்த ரெண்டு விரல்."

வண்டி வந்துவிட்டது. அவர் எழுந்து, தன் வலது கையை நீட்டினார். அவள் கையுறை போடவில்லை. அந்தக் கையை அவர் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் அவர் கட்டைவிரல் முழங்காலின்மேல் அசைந்துகொண்டிருந்தது தெரிந்தது. புகை வந்து மறைத்துவிட்டது.

பாட்டு மன்றம் அதற்குப் பிறகு பாஞ்சோவை அழைக்கவில்லை. அந்தக் கதை மற்ற ஊர்களுக்கும் போயிற்று. கையைக் கட்டி வித்தை காட்டுகிறவர் என்று அவரைச் சில மண்டபங்கள் ஒதுக்கின, அதைவிட மோசமாகச் சில மண்டபங்கள் அதற்காகவே அழைத்தன. அவர் அவற்றுக்குப் போகவில்லை. ஆண்டவர் எந்தக் கணக்கில் எதை வரவு வைக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. அந்த மேடையில் பாஞ்சோவுக்கு நடந்தது நஷ்டம்தான் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் எங்கள் சங்கத்திலேயே உண்டு. நான் அவர்களோடு வாதாடுவதில்லை. ஜேபஸும் அந்தக் குளிர்காலம் முடிந்து பனி உருகுகிற சமயத்தில் இறந்துபோனான்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அந்தக் கச்சேரிக்கு அடுத்த வாரம், சங்கம் கூடுகிற மாலையில், ஹானா துணிப்பையோடு வந்தாள். தோலை இழுத்து முடுக்கியிருந்தாள். நாலு நரம்பு மாட்டியிருந்தாள். என்னிடம் வந்து, "சங்கப் பெட்டியில ஒரு நரம்பு இருக்குமா அண்ணே? கரி வாளியில கட்டினதைக் கழற்ற ஜேபஸ் விடமாட்டேங்கறாரு. உனக்குப் பாட்டு வேணும்னா எனக்கு அடுப்பு வேணாமான்னு சண்டைக்கு வர்றாரு" என்றாள்.

இருந்த நரம்புகளில் நல்லதாகப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அடுப்புப் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டு மார்த்தா நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.